உடம்பை விசாரிக்கும் சொந்தங்களுக்கு

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் வட்டாரத்து அத்தைமார், பெரியம்மாமார், சித்திமார், மாமாமார், அண்ணிமார் அனைவருக்கும்,

நம் வீட்டுப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருவரைக் கண்டதும் அவருடைய எடையைப் பற்றிப் பேசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தில், கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில், காலைச் சந்தையில் மீன் வாங்கும்போது, "என்னம்மா இப்படி உடம்பு போட்டுட்ட?" என்று கேட்கிறோம். அடுத்த வருடம் அதே பெண் மெலிந்து வந்தால், "என்ன ஆச்சு, உடம்புக்கு முடியலையா?" என்கிறோம். நம் ஊரில் ஒரு பெண்ணின் படிப்பையும் வேலையையும் விசாரிப்பதற்கு முன்னால் அவள் இடுப்பை விசாரித்து முடித்துவிடுகிறோம்.

"நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்பீர்கள். அதை நம்புகிறேன். அதனால்தான் இரண்டு வரியில் முடிக்காமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் பயத்தில் பொய் இல்லை. 2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டிருந்தார்கள். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 63.9 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 54.4 விழுக்காடாக ஏறிவிட்டது. நீரிழிவிலும் நாம்தான் முன்வரிசை. கால் விரலை எடுத்த அப்பா, வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகும் அம்மா என்று நம் தெருவிலேயே வீடுகள் இருக்கின்றன. இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் உடம்பைப் பார்க்கும்போது உங்கள் வயிறு கலங்குவது இயற்கை. பருமன் ஒன்றும் செய்யாது, சும்மா விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நீங்கள் கையில் எடுக்கும் சொல், நீங்கள் விரும்பும் பலனுக்கு நேர் எதிரான பலனைத் தருகிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இங்கிலாந்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. எடையைக் காரணம் காட்டி அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் சராசரியாக ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருந்தார்கள். அப்படிப்பட்ட அவமதிப்பைச் சந்திக்காதவர்கள் முக்கால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட இறங்கியிருந்தார்கள். சொல்லடி பட்டவர்கள் மெலியவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது 2017-இல் எரிக் ராபின்சன், ஏஞ்சலினா சூட்டின் இருவரும் வெளியிட்ட ஆய்வு. ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் ஒரே எடையில் இருந்த பிள்ளைகளிலும், "என் பிள்ளை குண்டு" என்று பெற்றோர் நினைத்த பிள்ளைகளே பிற்பாடு அதிகம் ஏறினார்கள். பெற்றோரின் பார்வை பிள்ளைக்குள் இறங்கியது. பிள்ளை தன்னைக் குண்டாகப் பார்க்கத் தொடங்கியது, எடையைக் குறைக்க முயன்றது, கடைசியில் எடை கூடியது. பெற்றோரின் கவலையே பிள்ளையின் உடம்பில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஏன் இப்படி? உங்கள் சொல்லைக் கேட்ட பெண் என்ன செய்வாள் என்று கூடவே போய்ப் பாருங்கள். கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும் அவள் பாதி வாழை இலையோடு எழுந்துவிடுவாள். "நான் டயட்ல இருக்கேன்" என்று சிரிப்பாள். வீட்டுக்கு வந்து, எல்லோரும் படுத்தபின், குளிர்பெட்டியைத் திறந்து நின்றபடியே சாப்பிடுவாள். அப்போது அவள் பசிக்குச் சாப்பிடவில்லை, அவமானத்தை அடக்கச் சாப்பிடுகிறாள். மன உளைச்சலில் உடம்பு சுரக்கும் கார்டிசோல், சீனியையும் கொழுப்பையும் தேடச் சொல்லும். சாப்பிட்ட சில நிமிடங்களுக்கு உண்மையிலேயே ஆறுதல் வரும், பிறகு குற்ற உணர்ச்சி வரும். மறுநாள் காலை அவள் நடைப்பயிற்சிக்கு வர மாட்டாள். திடலில் நாலு பேர் பார்ப்பார்களே! கிளினிக்குக்கும் போக மாட்டாள், தராசில் ஏறச் சொல்வார்களே! நடையையும் மருத்துவரையும் அவளிடமிருந்து பிரித்தது உங்கள் அக்கறைதான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நம் வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டு ஆய்வுகளில் அது அவ்வளவாக வராது. குண்டு என்று சொல்லும் அதே வாய்தான் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றும் சொல்கிறது. ஒரே சாப்பாட்டு மேசையில், ஒரே ஆளிடமிருந்து, ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டும் வருகின்றன. வேண்டாம் என்றால் "நான் சமைச்சது பிடிக்கலையா?" என்று முகம் வாடும். சாப்பிட்டால் "அதான் இப்படி இருக்க" என்று பேச்சு வரும். சாப்பாட்டில் அன்பைக் காட்டி, உடம்பில் குறை காணும் வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தன் பசி எது, பிறர் மனம் நோகக்கூடாதென்று சாப்பிடுவது எது என்று பிரித்துப் பார்க்கவே தெரியாமல் போகிறது. வயிறு நிறைந்ததை வயிற்றிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள்.

உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. இந்த ஊட்டும் கைக்குப் பின்னால் பெரிய பசி ஒன்று இருக்கிறது. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போனபிறகு, அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கையே மூன்று வேளையும் தின்ற தலைமுறை நம் தாத்தா பாட்டிமாருடையது. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்ட தோட்டத் தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. போருக்குப் பின்னும் தோட்டத்துக் கூலியில் பிள்ளைகளுக்கு மீனும் முட்டையும் தினமும் கிடைத்துவிடவில்லை. கொழுகொழுவென்று ஒரு பிள்ளை இருந்தால், அது அந்த வீடு பிழைத்துக்கொண்டதற்குச் சாட்சி. மெலிந்த பிள்ளையைப் பார்த்தால் பாட்டிக்கு நெஞ்சு பதறியது, அவள் கண்ட மெலிவுக்கு முடிவு சாவாக இருந்ததால். அந்தப் பதற்றம் உங்களுக்கும் கைமாறி வந்திருக்கிறது. தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி விழும்போது அந்தக் காலத்துப் பசிதான் இன்னும் பரிமாறிக்கொண்டிருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்லுங்கள். சோற்றோடு சேர்த்துத் திணிக்க வேண்டாம்.

இன்னொரு வழக்கமும் நேர்மையாகப் பார்க்கப்பட வேண்டும். மாமாவின் தொப்பையை நாம் வசதியின் அடையாளமாக விட்டுவிடுகிறோம். அத்தையின் மகளுடைய கையை மட்டும் பிடித்துப் பார்க்கிறோம். நீரிழிவும் மாரடைப்பும் ஆண் பெண் பார்த்து வருவதில்லை. அப்படியானால் நம்முடைய பேச்சில் ஆரோக்கியத்தைவிடக் கல்யாணச் சந்தையின் கணக்குத்தான் அதிகம். பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆன பெண்ணிடம், தூக்கம் கெட்டு, பால் கொடுத்து, கண்ணுக்குக் கீழே கருத்துப்போய் நிற்பவளிடம், "பழைய உடம்பு எப்ப வரும்?" என்று கேட்பது எந்த வகை அக்கறை?

நம் பக்கத்துப் பெண்களின் நாளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியதிலிருந்து மலைக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனை பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறியிருக்கிறார்கள்! பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. விடிந்தபின் வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்துப் போட்டு, வெயில் ஏறும் நேரத்தில் நான்கு மணி நேரம் தூங்கினால் அதிகம். 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேரை இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு இறங்கியது. பசியைச் சொல்லும் கிரெலின் 28 விழுக்காடு ஏறியது. இனிப்பும் மாவும் வேண்டும் என்ற ஆசை கூடியது. இரண்டு இரவில் இது நடக்கிறது என்றால், இருபது வருடம் இரவு ஷிப்ட் பார்த்த பெண்ணின் உடம்பிடம் நாம் எதைக் கேட்கிறோம்? விடியற்காலை மூன்று மணிக்குத் தொழிற்சாலைக் கேன்டீனில் அவள் குடிக்கும் இனிப்புத் தேநீர் அவளை நிற்க வைக்கும் மருந்தாக இருக்கிறது. அவளைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

"மனசு வைச்சா முடியும்." இதுதான் நீங்கள் அடிக்கடி சொல்வது. எடை குறைப்பது மன உறுதியின் தேர்வு, தோற்றவர்கள் பலவீனர்கள் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. மன உறுதிக்கு யாராலும் குறை சொல்ல முடியாத மனிதர்களிடம் இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தாயிற்று.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று உலகம் அறிந்துகொள்ள, தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள். கொள்கைக்காக இவ்வளவு தாங்கத் துணிந்தவர்களைவிட மன உறுதி உள்ளவர்களை எங்கே தேடுவது? ஆறு மாதம் அவர்களுக்கு நாளுக்குச் சுமார் 1,570 கலோரி உணவு. எடையில் கால்வாசி போனது. கூடவே மனமும் மாறியது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். இரவும் பகலும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். எரிச்சலும் சோர்வும் பிடித்துக்கொண்டன. திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டுச் சிலர் அழுதார்கள். பட்டினி முடிந்து சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபின்னும், வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை என்றார்கள்.

இப்போது உங்கள் கைபேசியில் சொந்தக்காரர்கள் அனுப்பும் டயட் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பல பட்டியல்கள் 1,200 கலோரி என்கின்றன. அந்த இளைஞர்களை உடைத்த அளவைவிடக் குறைவு! அதைச் செய்து மூன்றாவது வாரம் ஒரு பெண் ஒரு டப்பா முறுக்கைக் காலி செய்தால், அவளுடைய குணத்தில் குறை இல்லை. பட்டினி கிடக்கும் உடம்பு செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது.

அந்த முறுக்கு டப்பாவுக்கும் ஆய்வு இருக்கிறது. 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் கல்லூரிப் பெண்களுக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருப்பவர்களோ மில்க்ஷேக் குடித்தபின் அதிகமாகச் சாப்பிட்டார்கள். "இன்னைக்குக் கெட்டது கெட்டுப்போச்சு, இனி என்ன" என்ற அந்த மனநிலையை நோன்பை இடையில் முறித்தவர் யாரும் அறிவார். கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமோ, அறுந்து விழும்போது வேகமும் அவ்வளவு.

இறங்கிய எடை ஏன் திரும்பி வருகிறது என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. 2011-இல் மெல்பர்ன் ஆய்வாளர் பிரியா சுமித்ரனும் அவர் குழுவினரும், பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைந்தவர்களை ஓராண்டு கழித்தும் சோதித்தார்கள். பசியைத் தூண்டும் சுரப்புகள் அப்போதும் கூடுதலாகவே இருந்தன. எடை குறையும் முன்பு இருந்ததைவிட அவர்களுக்குப் பசி அதிகம். 2016-இல் வெளியான ஆய்வில், அமெரிக்க எடை குறைப்புப் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பரிசோதித்தபோது, அவர்கள் உடம்பு எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. எடை இறங்குவதை உடம்பு பஞ்சம் என்றே புரிந்துகொள்கிறது, பல வருடம் அதை எதிர்த்துப் போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் நிற்கிறவளைப் பார்த்து, "அப்பவே சொன்னேன், நீ கன்ட்ரோலா இருக்க மாட்டேன்னு" என்பது எவ்வளவு கொடுமை என்று இப்போது தெரிகிறதா?

அண்மைக் காலத்தில் வந்த செமாக்ளூடைட் ஊசியும் இதைத்தான் காட்டுகிறது. அதைப் போட்டுக்கொண்ட பலர், தலைக்குள் ஓயாமல் கேட்ட சாப்பாட்டுப் பேச்சு அடங்கிப்போனதாகச் சொல்கிறார்கள். 2021-இல் வெளியான பெரிய சோதனையில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. நிறுத்தி ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. ஊசி போட்ட வாரத்தில் ஒருவருடைய குணம் மாறிவிடுவதில்லை. மாறியது மூளைக்குப் போகும் பசிச் செய்தி. மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் அது மருந்து. அதைப் போட்டுக்கொள்கிறவர்களைக் "குறுக்கு வழி" என்று ஏளனம் செய்யாதீர்கள்.

அடுத்ததைச் சொல்லத் தயங்கினேன். ஆனாலும் சொல்ல வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி எடை குறைப்புச் சிகிச்சை ஒன்றை நடத்தினார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விலகிப் போனார்கள். ஏன் என்று உட்கார்ந்து விசாரித்தபோது, அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பெருத்த உடம்பு அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது, மெலிந்ததும் பிறர் பார்வை பயமுறுத்தியது. இதிலிருந்து பிறந்து 1998-இல் வெளியான ஆய்வு, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழந்தைப் பருவத் துயரங்களைக் கேட்டு, அவை பிற்கால நோய்களோடு எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று காட்டியது. பருமனான எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம், துருவவும் வேண்டாம். ஆனால் ஒரு கூட்டத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டே ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது, அந்த உடம்பு எதைச் சுமக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. கணவனை இழந்தவளாக இருக்கலாம். வேலை போனதை வீட்டில் சொல்லாத தம்பியாக இருக்கலாம். மனச்சோர்வும் பருமனும் ஒன்றையொன்று வளர்ப்பவை. 2010-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பருமன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 விழுக்காடு அதிகம், மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பருமன் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. நம் நாட்டிலோ 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023-இல் 4.6 ஆகிவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையாகக் குத்தும். செகாக் உடற்தகுதிச் சோதனையில் உயரமும் எடையும் அளக்கிறார்கள். அளப்பதில் தவறில்லை. நண்பர்கள் காதில் விழும்படி எண்ணைப் படிக்காமல் இருந்தால் போதும். அந்த உயர எடைக் கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக் கெட்டலே வகுத்தார். மேலே சொன்ன அதே ஆன்செல் கீஸ்தான் 1972-இல் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். மக்கள் கூட்டத்தை ஆராய்வதற்கென்று கொடுத்த கணக்கு அது, ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத அல்ல. சிங்கப்பூரில் 1992 முதல் 2007 வரை, எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்து உடற்பயிற்சி செய்யவைக்கும் திட்டம் பள்ளிகளில் இருந்தது. மற்ற பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் கேன்டீனில் இருக்க, இவர்கள் திடலில் ஓடினார்கள். பருமன் விகிதம் இறங்கியது உண்மை. கேலியும் அவமானமும் பெரிய புகாராகி, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று பெரியவர்களாகி, அந்த ஓய்வு நேரத்தை மறக்க முடியவில்லை என்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள்.

நீங்கள் தரும் வெட்கத்தை விலைக்கு வாங்க ஒரு வியாபாரமே காத்திருக்கிறது. பத்து நாளில் பத்துக் கிலோ என்ற கோப்பித் தூள், மூலிகை மாத்திரை, குடலைச் சுத்தம் செய்யும் சாறு எல்லாம் நம் சொந்தக்காரர்கள் வழியாகவே நம் வீட்டுக்கு வருகின்றன, சில நூறு வெள்ளி விலையில். இப்படிப்பட்ட சரக்குகளில் சிபுட்ராமின் கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும் என்று 2010-இல் உலகின் பல நாடுகள் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. விருந்தில் ஒரு சொல் கேட்டு, அன்றிரவே இதை ஆர்டர் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள்.

நம் தீவிலேயே வேறு மாதிரி வேலை செய்தவர்களும் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம், எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில், பல பத்தாண்டுகள் சீனியைப் பற்றி எச்சரித்துக்கொண்டே இருந்தது. தனி மனிதர்களின் உடம்பைக் கேலி செய்யாமல், கடையில் விற்கும் பொருளையும் விளம்பரத்தையும் சட்டத்தையும் கேள்வி கேட்டார் அவர். 2019 மே 17-இல் மறைந்தார். அதே ஆண்டு ஜூலை முதல் தேதி, சீனி கூடிய பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு கலால் வரி நடைமுறைக்கு வந்தது. இப்போது அது 90 காசு. நம்முடைய அக்கறையும் அந்தத் திசையில் திரும்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பிள்ளையின் இடுப்பை விட்டுவிட்டு மேசைமேல் இருக்கும் புட்டியைப் பாருங்கள்.

சரி, பேசாமல் இருந்தால் போதுமா, நோய் வந்துவிடாதா? இந்தக் கேள்விக்குச் சென்னையிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. உங்களில் எல்லோரும் அதை அறிய வேண்டும் என்பது என் ஆசை. மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு நடையும் உணவு மாற்றமும் சொல்லிக்கொடுத்து, தொடர்ந்து ஊக்கப்படுத்தினார்கள். ஆலோசனை பெறாத பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவு மாற்றமும் செய்தவர்களில் 39.3 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. இதில் முக்கியமான செய்தி: அவர்களுடைய எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. தராசு அசையாமலே உடம்பு நலமடைந்திருக்கிறது. நம்மைப் போன்ற உடல்வாகு, நம்மைப் போன்ற சாப்பாடு கொண்ட மக்களிடம் கண்ட முடிவு இது. தராசை மட்டும் பார்த்திருந்தால் அந்த மனிதர்கள் "பலனில்லை" என்று இரண்டாவது மாதமே நடையை நிறுத்தியிருப்பார்கள். நம் பெண்கள் நிறுத்துவதும் அப்படித்தான்.

ஆகவே வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது, ஒருவர் உடம்பையும் குறிப்பிடாமலே. 2016-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பெற்றோருக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எடையைப் பற்றிப் பேசாதீர்கள், டயட் பிடிக்கச் சொல்லாதீர்கள், குடும்பமாகச் சேர்ந்து சாப்பிடுங்கள். "இவளுக்கு மட்டும் சப்பாத்தி" என்று ஒருத்தியைப் பிரிக்காமல் வீடு முழுக்க ஒரே சமையல் சமையுங்கள். கீரையும் மீனும் கூடினால் மாமாவின் சர்க்கரைக்கும் நல்லது. விருந்தாளிக்கு வண்ணச் சாறு தருவதற்கு முன் தண்ணீரை வையுங்கள். சீனி போடாத கோப்பி கேட்டவரைக் கேள்வி கேட்காமல் கொடுங்கள். பிள்ளை "போதும்" என்றால் போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு முறைக்கு மேல் வற்புறுத்தாதீர்கள். டுரியான் காலத்தில் சுளை எண்ணி யாரையும் பார்க்காதீர்கள். நம் ஊரின் பெருமையை நம் பிள்ளைகள் பயமின்றிச் சாப்பிடட்டும். இரவு ஷிப்ட் முடிந்து வந்த மருமகளைப் பத்து மணிக்கு எழுப்பாமல் தூங்கவிடுங்கள். அவள் எடைக்கு அதைவிட நல்ல மருந்தை நீங்கள் கடையில் வாங்க முடியாது.

கூட நடந்து போங்கள். போய்ப் பாரு என்று அனுப்புவது வேறு, கூட வருவது வேறு. பாலிக் புலாவில் வயல் ஓரத்துச் சாலைகள் காலையில் எவ்வளவு அழகானவை என்று வெளியூர்க்காரர்கள் சைக்கிள் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். நாம் அங்கேயே இருக்கிறோம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையின் 513 படிகளை நம் பெண்கள் பால்குடத்தோடு ஏறுகிறார்களே, அப்போது யாராவது அவர்கள் எடையைக் கேட்கிறோமா? அந்த உடம்பால் எதைச் செய்ய முடிகிறது என்பதைத்தான் பார்க்கிறோம். அந்தப் பார்வையை மற்ற நாட்களிலும் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் யாராவது ஒளித்துச் சாப்பிடுவது, சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடந்து பிறகு ஒரே மூச்சில் கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவது, கண்ணாடி பார்க்க மறுப்பது போன்றவற்றைக் கண்டால், அதைக் கெட்ட பழக்கம் என்று அதட்டாதீர்கள். அளவுமீறி உண்ணும் கோளாறு என்பது 2013 முதல் மனநல மருத்துவக் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. அரசு கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லலாம். யாரிடமும் முகம் காட்டப் பிடிக்கவில்லை என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைக்கலாம். அந்த எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தால், தேவைப்படுகிறவர் கேட்காமலே பார்த்துக்கொள்வார்.

கடைசியாக ஒன்று. நாற்பது வயதைத் தாண்டிய நம் பெண்களில் பலர், தராசுக்குப் பயந்தே வருடக்கணக்கில் சர்க்கரைச் சோதனை செய்யாமல் இருக்கிறார்கள். நீங்கள் யாரை நினைத்துக் கவலைப்படுகிறீர்களோ, அவளுக்கு இந்த வாரமே போன் போடுங்கள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். "எனக்கு ரத்தம் எடுக்கணும், தனியாப் போகப் பிடிக்கலை, கூட வர்றியா?" என்று கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு இருவரும் கிளினிக்குக்குப் போய், நீங்கள் முதலில் கையை நீட்டுங்கள். தராசுக்கு அவள் முறை வரும்போது அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள். முடிந்ததும் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து, அவளுக்குப் பிடித்ததை அவளே சொல்லட்டும்.

அன்புடன்,
இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழும் ஒரு சகோதரி
பாலிக் புலாவ்